கிளைவ் பங்களாவும் நம் நிலக் கணக்கும்

கடலூரில் ‘பாரம்பரியம்’ பார்க்கப் போங்கள் என்கிறார்கள். தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டை, ராபர்ட் கிளைவ் குடியிருந்ததாகச் சொல்லும் மஞ்சக்குப்பம் கார்டன் ஹவுஸ், பழைய துறைமுகம், லாரன்ஸ் ரோடு, இம்பீரியல் ரோடு என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். இடிந்ததை எல்லாம் காப்பாற்ற வேண்டும் என்கிறார்கள். காப்பாற்றட்டும். எதைக் காப்பாற்றுவது, யாருக்காக என்பதுதான் நம் கேள்வி. மாணவத் தோழர்கள் நாலு பேரோடு நானும் போய்ப் பாத்துட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.

கெடிலம் கடலில் சேருகிற இடத்துக்குப் பக்கத்தில் கோட்டை இருந்தது. இப்போ மிச்சம் இருப்பது கொஞ்சம் செங்கல்லும் முள்ளும்தான். 1690ல் இதை மராட்டியரிடமிருந்து ஆங்கிலக் கம்பெனி விலைக்கு வாங்கியது. பேரம் எப்படித் தெரியுமா? கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எவ்வளவு தூரத்தில் விழுகிறதோ, அதுவரைக்கும் உள்ள கிராமமெல்லாம் கம்பெனிக்கு. அப்படி வந்த பேர்தான் ‘குண்டு கிராமங்கள்’. குண்டு உப்பலவாடி இன்றைக்கும் அந்தப் பேரோடுதான் இருக்கிறது. இதை எங்களுக்குச் சொன்ன பெரியவர் சிரித்துக்கொண்டே சொன்னார். எங்களுக்குச் சிரிப்பு வரலை. வித்தவன் ராஜா, வாங்கினவன் வியாபாரி. குண்டு பறந்த வழியில் குடிசை போட்டிருந்தவனை எவன் கேட்டான்? நிலத்தோடு பண்ணையாளையும் சேர்த்து விற்பதும் அடகு வைப்பதும் வழக்கமாயிருந்த நாடு இது. அந்தப் பேரத்தில் நாமும் சரக்குதான்.

கம்பெனிக்கு முன்னாடியே டச்சுக்காரன் இங்கே வியாபாரம் செய்தான். துணி மட்டுமா ஏற்றினான்? 1622-23ல் பழவேற்காடு, தேவனாம்பட்டினம் போன்ற துறைகளிலிருந்து 1,900 பேரை அடிமைகளாகக் கப்பலேற்றினான். பஞ்சமும் போரும் வந்த போதெல்லாம் சோழமண்டலக் கரையில் இந்த வியாபாரம் கொழுத்தது. பஞ்சம் வந்தால் முதலில் விலைக்குப் போகிற உடம்பு எது? நிலமில்லாதவன் உடம்பு. துறைமுகத்தின் அழகைப் பேசுகிற எவனும் இந்தக் கணக்கைப் பேசுவதில்லை.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. ‘வெள்ளைக்காரன் வந்துதான் நம்மை அடிமையாக்கினான்’ என்று மேடை போட்டு அழும் தேசபக்தர் கூட்டம். நம்மை என்றால் யாரை? இவர்களைக் கையோடு பஸ் ஏற்றி, தெற்கே சிதம்பரத்துக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். கர்நாடகப் போர்களில் நடராசர் கோயிலே கோட்டையாக இருந்தது. 1753ல் பிரெஞ்சுப் படை அதைப் பிடித்தது. 1781ல் உள்ளே ஐதர் அலியின் படை. வெளியேயிருந்து தாக்கிய ஆங்கிலத் தளபதி அயர் கூட் முடியாமல் திரும்பினார். பீரங்கி உள்ளே போனது, வெடிமருந்து உள்ளே போனது, கடல் தாண்டி வந்தவன் பூட்சுக் காலோடு உள்ளே போனான். அதே மதிலுக்குள் போக நந்தன் மட்டும் நெருப்பில் இறங்கணும்! பீரங்கியைவிட நம் கால் எந்த வகையில் தீட்டு? சிதம்பரத்துத் தெருவில் நின்று இதற்கு ஒருத்தன் பதில் சொல்லட்டும். அப்புறம் தேசம் பேசலாம்.

அப்படியானால் வெள்ளைக்காரன் நமக்கு நல்லவனா? சில படித்த தோழர்கள் அப்படியும் பேசுகிறார்கள். அதையும் கறாராகப் பார்க்க வேண்டும். 1746ல் சென்னை பிரெஞ்சுக்காரன் கைக்குப் போனபின், 1752 வரை தென்னிந்தியாவில் கம்பெனியின் தலைமையிடம் இந்தத் தேவனாம்பட்டினம்தான். 1748ல் ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ் இங்கே வந்திறங்கித்தான் கம்பெனிப் படையைக் கட்டினார். அப்படி வளர்ந்த சென்னைப் படையில் நம் ஆட்களும் துப்பாக்கி பிடித்தார்கள், பாதை போட்டார்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ‘போர்க்குணமுள்ள இனம்’ என்று ஒரு கதையைக் கட்டி, அதே வெள்ளைக்காரன் நம்மைப் படையிலிருந்து ஒதுக்கினான். வரி ஒழுங்காக வரவேண்டும் என்று மிராசுதாரனின் பாத்தியதையைக் காப்பாற்றினான். 1843ல் அடிமை முறைக்குச் சட்ட அங்கீகாரம் இல்லை என்றான். காலூன்ற ஒரு குழி நிலம் கொடுக்கவில்லை. வயிற்றுக்கில்லாதவன் திரும்ப அதே பண்ணை வாசலில்தான் நின்றான். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வர 1976 ஆனது.

ஆகவே கோட்டையைப் பார்த்து உருகவும் வேண்டாம், காறித் துப்பிவிட்டு வீடு திரும்பவும் வேண்டாம். பாபாசாகேப் வழி காட்டியிருக்கிறார். கோரேகானில் இருப்பது கம்பெனிக்காரன் தன் வெற்றிக்கு நட்ட தூண். 1927 சனவரி 1 அன்று அங்கே போய் நின்ற அம்பேத்கர், அதில் செதுக்கியிருந்த மகர் வீரர்களின் பெயர்களைத் தம் மக்களின் வரலாறாக்கினார். கல் அவனுடையது, பெயர் நம்முடையது. கடலூரில் அப்படி நம் பெயர் எங்கே இருக்கிறது? கோட்டைச் சுவரில் இல்லை. காகிதத்தில் இருக்கிறது.

கெடிலத்தங்கரைச் சேரி ஒன்றில் ஒரு அம்மாவிடம் கிளைவ் பற்றிக் கேட்டோம். “கெளைவா? அது யாருப்பா? பட்டாவுக்கு நடந்து நடந்து செருப்பு தேஞ்ச ஆபீசுதான் எனக்குத் தெரியும்” என்றார். எங்கள் பயணத்தில் கேட்ட உருப்படியான வரலாறு அதுதான்.

செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் எழுதிய அறிக்கைக்குப் பின், 1892ல் ஒடுக்கப்பட்டோருக்குத் தரிசு நிலம் ஒதுக்க அரசாணை வந்தது. பத்து வருசத்துக்கு விற்கக் கூடாது. அதற்கப்புறமும் ஒடுக்கப்பட்டோருக்குத்தான் விற்கலாம் என்பது நிபந்தனை. அதுதான் பஞ்சமி நிலம். தமிழகம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் என்று இயக்கங்கள் சொல்லி வருகின்றன. அந்த நிலம் இன்று யார் அனுபவத்தில் இருக்கிறது என்பது ஊருக்கே தெரியும். அதைத் திரும்பக் கேட்டதற்காகத்தான் 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் போலீஸ் குண்டுக்கு உயிரைக் கொடுத்தார்கள்.

1993ல் விழுப்புரம் பிரியும் வரை தென்னார்க்காடு முழுவதற்கும் கடலூர்தான் தலைமையிடம். கம்பெனிக்காரன் கட்டிய இந்த ஊரிலிருந்துதான் அத்தனை ஊர் நிலமும் அளந்து எழுதப்பட்டது. அவன் விட்டுப்போனதில் நமக்கு வேண்டியது வளைவும் தூணும் இல்லை, பதிவேடு. கட்டடத்துக்குச் சுண்ணாம்பு பூச நிதி கேட்கிறவர்களே, அந்தக் காலத்து நிலப் பதிவேடுகளையும் வெளியே வையுங்கள். ஒவ்வொரு ஊரின் பஞ்சமி நிலத்தையும் சர்வே எண்ணோடு அந்தந்தச் சேரியில் எழுதி ஒட்டுங்கள். நிஜமான பாரம்பரியப் பாதுகாப்பு அதுதான்.

அவர்களாகச் செய்ய மாட்டார்கள். நாம்தான் செய்ய வைக்க வேண்டும். சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தா 1916ல் நந்தனார் பேரில் பள்ளிக்கூடம் தொடங்கியது நாம் எழுத்தைப் படிக்கத்தான். தோழர்களே, லீவு நாளில் கோட்டைக்கு முன்னால் போட்டோ எடுத்தது போதும். ஊருக்கு நாலு பேர் சேருங்கள். 2005ன் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். பழைய செட்டில்மென்ட் பதிவேட்டையும் இன்றைய ‘அ’ பதிவேட்டையும் நகல் வாங்குங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து, எந்த சர்வே எண் எந்த வருசம் யார் பேருக்கு மாறியது என்று வரி வரியாக எழுதுங்கள். எழுதியதைச் சேரியில் உட்கார்ந்து சத்தமாகப் படியுங்கள். தங்கள் தாத்தா பேர் அதில் வரும்போது, என்ன செய்யணும் என்பதை அவர்களே சொல்வார்கள்.