யூக்கலிப்டஸ் மரத்தடியில் ஒரு குழல்



வழக்கமாக இந்தப் பக்கத்தில் வேலை, வீடு, பள்ளிக்கூட விஷயங்களைத்தான் எழுதுகிறோம். இம்முறை ஒரு ஓவியத்தைப் பற்றி எழுதப் போகிறோம். தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிறவர்களுக்கு ஓவியம் எதற்கு என்று சிரிக்க வேண்டாம். நாங்களும் அப்படித்தான் நினைத்திருந்தோம்.

பள்ளி விடுமுறைக்கு ரோவிலில் இருந்து சிட்னிக்கு, உறவினர் வீட்டுக்குப் போயிருந்தோம். ஒருநாள் விடாத மழை. காசு செலவில்லாமல் பிள்ளைகளை எங்கே கூட்டிப் போகலாம் என்று கேட்டோம். நியூ சவுத் வேல்ஸ் ஓவியக்கூடத்துக்குப் போங்கள், பொது நுழைவுக்குக் கட்டணம் இல்லை என்றார்கள். வாசலில் பெரிய தூண்களைக் கண்டதும் எங்களுக்குக் கால் தயங்கியது. படித்தவர்கள் போகிற இடமல்லவா? ஆனால் யாரும் எங்களை ஒன்றும் கேட்கவில்லை.

உள்ளே மூத்தவள் ஒரு படத்தின் முன் நின்றுவிட்டாள். "அப்பா, இஞ்ச பாருங்கோ, கண்ணன் குழல் ஊதுறார். ஆனா காலைப் பாருங்கோ, ஆட்டுக்கால்!"

அது கண்ணன் அல்ல. பான் என்ற கிரேக்கக் காட்டுத் தெய்வம். படத்தின் பெயரும் 'பான்'தான். 1898இல் சிட்னி லோங் என்பவர் வரைந்தது. ஏறக்குறைய ஆறடி அகலம். அந்தி நேரம். பான் குழல் ஊத, வனப் பெண்களும் ஆட்டுக்கால் மனிதரும் ஆடுகிறார்கள். பெண்களுக்கு உடுப்பில்லை என்பதால் எங்கள் இருவருக்கும் முதலில் கூச்சம். பிள்ளைகளோ ஆட்டுக்காலைத்தான் பார்த்தார்கள். பிறகு நாங்கள் மரங்களைப் பார்த்தோம். அவை கிரேக்க நாட்டு மரங்கள் அல்ல. எங்கள் வீட்டுக்குப் பின்னால் நிற்கும் அதே யூக்கலிப்டஸ்!

லோங் 1871இல் இந்த நாட்டில், கோல்பேர்ன் ஊரில் பிறந்தவர். அக்காலத்தில் ஐரோப்பாவில் சில ஓவியர்கள், கண்ணால் கண்டதை அப்படியே வரைவதை விட்டு, கனவையும் மனநிலையையும் பழங்கதை மூலம் காட்டினார்கள். அதைக் குறியீட்டு ஓவியம் என்பார்கள். லோங்கும் அந்த வழியில் போனவர். மரத்தின் இலையை ஒவ்வொன்றாக வரையாமல், எங்கள் கோயில் திரைச்சீலைபோல, வளைந்த கோடும் தட்டையான நிறமுமாக அலங்காரமாகத் தீட்டியிருக்கிறார்.

திரும்பி வந்து, எங்களோடு வேலை செய்யும் கிரேக்கப் பெரியவரிடம் தேநீர் நேரத்தில் இதைச் சொன்னோம். அவர் கேட்டார், "அந்தக் குழல் எப்படி வந்ததென்று தெரியுமா?" சிரிங்ஸ் என்ற வனப்பெண்ணைப் பான் துரத்தினான். அவள் பயந்து ஆற்றங்கரைவரை ஓடினாள். அதற்கு மேல் வழியில்லை. காப்பாற்றும்படி வேண்டினாள், நாணலாக மாறிவிட்டாள். அந்த நாணலை வெட்டித்தான் பான் குழல் செய்தான். திடீர்ப் பயத்துக்கு ஆங்கிலத்தில் 'பனிக்' என்கிறார்களே, அந்தச் சொல்லும் இந்தப் பானின் பெயரில் இருந்து வந்ததுதானாம்.

அன்றிரவு இதைப் பிள்ளைகளுக்குச் சொன்னோம். மூத்தவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டாள்: "அப்ப நாங்கள் ஏன் ஓடி வந்தனாங்கள்?"

பலமுறை கேட்ட கேள்விதான். "வளர்ந்த பிறகு சொல்லுறம்" என்றே தட்டிக் கழித்து வந்தோம். அன்று முடியவில்லை. வயதுக்கு ஏற்ற அளவில், பதுங்குகுழியையும் படகையும் பற்றிச் சொன்னோம். அவள் அழவில்லை. எங்களுக்குத்தான் குரல் அடைத்தது.

வாசகர்களே, படத்தில் குழல் இருக்கிறது, ஓடிய பெண் இல்லை. அவளைப் பற்றிச் சொல்ல ஒரு பெரியவர் வேண்டியிருந்தது. எங்கள் பிள்ளையாரும் 1992 முதல் த பேசின் மலையடிவாரத்தில், இதே மரங்களுக்கு நடுவில் கோயில் கொண்டிருக்கிறார். பிள்ளைகள் மோதகத்தையும் தேரையும் காண்பார்கள். நாங்கள் இங்கே வந்த கதையைச் சொல்லாவிட்டால், அது எங்களோடு முடிந்துவிடும்.

இன்னொன்று. பானும் பிள்ளையாரும் வருமுன்பே இந்த மண்ணுக்குக் கதை இருந்தது. மெல்பேர்ண் பகுதியின் பழங்குடிகளான கூலின் மக்களுக்குப் படைத்தவர் புஞ்சில், கழுகு வடிவம். டொக்லண்ட்ஸ் பக்கம் போனால் பெரிய வெள்ளைக் கழுகுச் சிலையைக் காணலாம். அந்தக் கதையையும் பிள்ளைகளோடு கேட்டுப் பழகுவோம்.

சிட்னிக்குப் போக வசதியில்லையா? ஸ்டட் பார்க்கில் 900 பஸ் ஏறி, கோல்ஃபீல்டில் ரெயில் எடுத்தால், ஃபெடரேஷன் சதுக்கத்தில் விக்டோரியா தேசிய ஓவியக்கூடம். அங்கும் நிரந்தரச் சேகரிப்பைப் பார்க்கக் காசில்லை. செயின்ட் கில்டாவில் 1864இல் பிறந்த ரூபர்ட் பன்னியும் கிரேக்கக் கடல் மாந்தரை வரைந்தவர். அவருடைய ஓவியங்களும் அவர்களிடம் உண்டு. எல்லாப் படமும் எந்நாளும் மாட்டியிருக்காது. கேட்டுப் பாருங்கள், கூச்சம் வேண்டாம்.

அடுத்த இதழில் சந்திப்போம்.