ஆறு நூலா? இருபது மில்லியா?



ஒரு கருவியை வாங்குவது பெரிய காரியம் அல்ல. அதற்கு வேண்டிய துணைப் பொருள் நம்ம ஊர்க் கடையில் கிடைக்கிறதா, கிடைத்தால் பொருந்துகிறதா என்பதுதான் கேள்வி. இரண்டும் இல்லையென்றால் அது, யானையை வாங்கிவிட்டு அங்குசம் தேடி அலைந்தவன் கதைதான். மெக்கானிக்கல் படிக்கும் நாம் அதிகம் பேசாத இந்த விஷயத்தை, தச்சு மேசையை வைத்துச் சொல்ல விரும்புகிறேன்.

நம் பக்கத்துத் தச்சர்கள் காலங்காலமாகத் தரையில் உட்கார்ந்து, கட்டையைக் காலால் அழுத்திப் பிடித்து இழைத்தவர்கள். கால்தான் அவர்களுக்கு வைஸ். இப்போது கிராமத்துப் பட்டறையிலும் மேசை வந்துவிட்டது. முதலாண்டு ஒர்க்‌ஷாப்பில் ஹாஃப் லேப் ஜாயின்ட் போட்ட நமக்குத் தெரியும்: மேசை என்பது வெறும் பலகை அல்ல. வைஸ், ஸ்டாப், ஹோல்டுஃபாஸ்ட், கிளாம்ப் எல்லாம் சேர்ந்தால்தான் அது மேசை.

இன்று வரும் மேசைகளில் மேற்பலகை முழுக்க வரிசையாகத் துளை இருக்கிறது. துளையில் ‘டாக்’ என்ற முளையைச் செருகி, கட்டையை அதற்கும் வைஸுக்கும் நடுவில் இறுக்கிவிடலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் துளை என்ன அளவு? அமெரிக்க வழக்கம் முக்கால் அங்குலம், அதாவது 19.05 மி.மீ. ஜெர்மனியின் ஃபெஸ்டூல் மேசையில் 20 மி.மீ. துளை, 96 மி.மீ. இடைவெளியில். நம்ம ஆசாரிகள் கணக்கில் ஓர் அங்குலத்துக்கு எட்டு நூல். ஆகவே முக்கால் அங்குலம் என்பது ஆறு நூல். அவர்களிடம் இருப்பது ஆறு நூல் பிட்டு. அதில் போட்ட துளைக்குள் 20 மி.மீ. முளை நுழையாது. 20 மி.மீ. துளையில் முக்கால் அங்குல முளையைப் போட்டால் ஆடும். வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. ஆனால் முளை ஆடினால் கட்டை ஆடும். கட்டை ஆடினால் ஜாயின்ட் போச்சு!

மரையிலும் இதே குழப்பம். அரை அங்குல விட்வொர்த் போல்ட்டுக்கு அங்குலத்துக்கு 12 மரை, கோணம் 55 டிகிரி. எம்-12 போல்ட்டுக்கு மரை இடைவெளி 1.75 மி.மீ., கோணம் 60 டிகிரி. பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஒன்றின் நட்டை இன்னொன்றில் போட்டால் ஒன்றிரண்டு சுற்று ஏறிவிட்டு இறுகி நின்றுவிடும். முறுக்கினால் மரை போய்விடும்.

இதில் உயிருக்கு ஆபத்தான இடமும் உண்டு. ரூட்டர் மெஷினின் காலெட் 6 மி.மீ. ஆகவும் இருக்கலாம், கால் அங்குலமாகவும் (6.35 மி.மீ.) இருக்கலாம். கால் அங்குலக் காலெட்டில் 6 மி.மீ. பிட்டைக் காகிதம் சுற்றிச் செருகுவதை நானே பார்த்திருக்கிறேன். சின்ன ரூட்டர்கள் நிமிடத்துக்கு 25,000 சுற்றுக்கு மேல் சுற்றுபவை. அந்த வேகத்தில் பிட்டு கழன்றால் எந்தப் பக்கம் பாயும் என்று யாரால் சொல்ல முடியும்? பொருத்தம் பார்ப்பது வசதிக்காக மட்டும் அல்ல, கை விரல்களுக்காகவும்தான்.

திருப்புலிவனத்தில் எங்கள் அப்பாவின் வைஸில் நட்டின் மரை தேய்ந்துபோனது. மற்றபடி வார்ப்பு, தாடை, கம்பி எல்லாம் கல்லு மாதிரி இருக்கின்றன. கடையில் கேட்டால், “நட்டு தனியா வராதுங்க, புதுசா வாங்கிக்குங்க” என்றார்கள். லேத் பட்டறையில், “அளவு சொன்னா போட்டுத் தரேன்” என்றார்கள். பெட்டியிலும் அளவு இல்லை, வைஸிலும் இல்லை. எங்கள் வீட்டில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா கேட்டார்: “இன்னாடா, மெஷின் படிப்பு படிக்கிற, இந்த மரை இன்னா அளவுன்னு சொல்லமாட்டியா?” கம்பியைக் கழற்றி ஸ்கேல் வைத்து எண்ணினேன்: சதுர மரை, அங்குலத்துக்கு நாலு. வெர்னியரில் விட்டம் ஓர் அங்குலம். பத்து நிமிட வேலை. அந்த இரண்டு எண்களை எழுதிக் கொடுத்ததும் நட்டு வந்துவிட்டது. புது வைஸ் விலையில் பாதிகூட ஆகவில்லை. அந்த இரண்டு எண்களைச் செய்தவரே வைஸில் பொறித்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

“எல்லாரும் ஒரே அளவில் செய்தால் புதுமை எப்படி வரும்?” என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. நான் கேட்பது கருவி முழுவதும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று அல்ல. இணைகிற இடம் மட்டும் ஒன்றாக இருந்தால் போதும். வீட்டு பல்ப் ஹோல்டரைப் பாருங்கள். குண்டு பல்ப் போய் சி.எஃப்.எல். வந்தது, அதுவும் போய் எல்.இ.டி. வந்தது. ஹோல்டர் அதேதான்! இணையும் இடம் நிலையாக இருந்ததால்தான் புதுமை வீட்டுக்குள் சுலபமாக நுழைந்தது.

பொருத்தம் இல்லாததன் விலையை உலகம் ஏற்கெனவே கொடுத்திருக்கிறது. 1904 பிப்ரவரியில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரம் எரிந்தபோது பக்கத்து நகரங்களிலிருந்து தீயணைப்பு வண்டிகள் ஓடி வந்தன. பலவற்றின் குழாய் வாய் உள்ளூர்த் தண்ணீர்க் குழாயில் பொருந்தவில்லை. ஆட்கள் இருந்தும், தண்ணீர் இருந்தும் 1,500-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. மரைக்குப் பொது அளவு வேண்டும் என்று ஜோசப் விட்வொர்த் 1841-லேயே சொல்லிவிட்டார். நம் நாட்டில் 1956-ல் சட்டம் போட்டு, 1958 முதல் படிப்படியாக மெட்ரிக் முறைக்கு மாறினோம். ஆனாலும் பிளைவுட் ஷீட்டின் நீள அகலம் ‘எட்டுக்கு நாலு’ அடி, கனம் மட்டும் 18 மில்லி! பாதி வழியில் நின்றுவிட்டோம்.

பொது அளவு நமக்குப் புதிதும் அல்ல. சோழர் காலத்தில் நிலம் அளக்கும் கோலின் நீளத்தைக் கோயில் சுவரிலேயே கோடாக வெட்டி வைத்தார்கள். சந்தேகம் வந்தவர் போய் அளந்து பார்த்துக்கொள்ளலாம். எங்கள் பக்கத்து உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்தில், பத்தாம் நூற்றாண்டிலேயே, குடவோலைத் தேர்தலின் விதிகளைக் கல்லில் வெட்டி எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்தார்கள். விதி என்றால் எல்லாருக்கும் தெரிய வேண்டும் என்பதுதான் அதன் சாரம்.

ஆகவே மாணவர் பேரவையின் முன் மூன்று கோரிக்கைகளை வைக்கிறேன்.

ஒன்று: மெஷின் ஷாப்பில் ஸ்டெப் டர்னிங், டேப்பர் டர்னிங் செய்து மார்க் வாங்கியதும் அந்தத் துண்டு ஸ்கிராப்புக்குப் போகிறது. அதையே 20 மி.மீ. முளையாகவும், ஆறு நூல் துளைக்கும் 20 மி.மீ. துளைக்கும் பொருந்தும் படி முளையாகவும் கடைந்தால் என்ன? பயிற்சியும் ஆகும், பக்கத்துக் கிராமப் பட்டறைக்கும் உதவும்.

இரண்டு: விடுமுறைக்கு ஊர் போகும் ஒவ்வொருவரும், உள்ளூர்ப் பட்டறையின் வைஸ், மரை, காலெட் அளவுகளை ஒரு தாளில் எழுதி வரட்டும். அவற்றைத் தொகுத்து ஒர்க்‌ஷாப் சுவரில் ஒட்டுவோம். நம் கல்வெட்டு அதுதான்!

மூன்று: மரை அளவைக் கருவியின் மேலேயே பொறிக்கவும், தேயும் பாகத்தைத் தனியே விற்கவும் வேண்டும் என்று தயாரிப்பாளர்களுக்கும், இந்தியத் தர நிர்ணய அமைவனத்துக்கும் நம் துறை சார்பில் கடிதம் எழுதுவோம்.

நாளை நம்மில் பலர் பொருள் தயாரிக்கும் இடத்தில், டிராயிங்கில் அளவு போடும் இடத்தில் உட்காரப்போகிறோம். அன்று ஓர் எண்ணை எழுதுமுன், அந்தப் பொருளை எந்த ஊர் ஆசாரி, எந்தத் துளையில் செருகப்போகிறார் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பார்ப்போம்.

— இரண்டாமாண்டு இயந்திரவியல் மாணவன், திருப்புலிவனம்