தாய் செய்த பாவமா?

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத, மூன்று வயதாகியும் பேச்சு வராத குழந்தை ஒரு வீட்டிலிருந்தால், ஜோசியன் நாகதோஷம் என்கின்றான். புரோகிதன் பூர்வஜன்ம கர்மம் என்கின்றான். மாமியார் மருமகளின் ராசி என்கின்றாள். டாக்டர்கள் ஆட்டிசம் என்று சொல்லும் இந்நிலைக்கு யார் எதைச் சொன்னபோதிலும் குற்றவாளி மாத்திரம் பெற்றவள்தான்.

இது நம் நாட்டு மூடத்தனம் மாத்திரம் என்று எண்ணிவிட வேண்டாம். அமெரிக்காவில் 1943-ல் டாக்டர் கான்னர் 11 குழந்தைகளைக் கொண்டு இந்நிலையை விவரித்தார். பின்னால் மனோதத்துவப் பண்டிதர்கள் கிளம்பி, தாயின் நெஞ்சு ஐஸ்பெட்டி, அதனால்தான் பிள்ளை இப்படி ஆயிற்று என்றார்கள். சிகாகோ பெட்டல்ஹைம் 1967-ல் இதற்கென்று ஒரு புஸ்தகமே போட்டார். கோட்டுப் போட்ட ஜோசியம் என்பதல்லாமல் இதற்கு வேறு பெயர் என்ன?

1977-ல் ஃபோல்ஸ்டீன், ரட்டர் என்ற இருவர் இங்கிலாந்தில், ஒருவருக்கேனும் ஆட்டிசமுள்ள 21 ஜோடி இரட்டையரைப் பரிசோதித்தார்கள். ஒரே கரு இரண்டாய்ப் பிரிந்து பிறந்த 11 ஜோடிகளில் 4 ஜோடிகளில் இருவருக்குமே ஆட்டிசம். தனித்தனிக் கருவாய்ப் பிறந்த 10 ஜோடிகளில் ஒன்றில்கூட அப்படியில்லை. தாயின் அன்புக்குறைவே காரணமானால் இருவகை இரட்டையரிலும் ஒன்றுபோலல்லவா இருக்க வேண்டும்?

உடனே "பெண் வீட்டு இரத்தம்" என்று கிளம்பிவிடாதீர்கள். இதில் சம்பந்தப்பட்ட ஜீன்கள் பல நூறு. தகப்பனிடமிருந்து வருவதும் உண்டு. இருவரிடமும் இல்லாமல் கருவில் புதிதாய் மாறுவதும் உண்டு.

நிற்க, இப்பொழுது விஞ்ஞான வேஷத்தில் வேறொரு கூட்டம், ஒரு சொட்டு இரத்தத்தில் ஆட்டிசத்தைக் கண்டு சொல்லுவதாகப் பணம் கேட்கின்றது. இரத்தத்தில் கண்டுபிடிக்கும் வியாதி இல்லாமலில்லை. 1934-ல் நார்வேயில், தன் இரண்டு குழந்தைகளுக்கும் புத்தி வளராததேன் என்று விடாமல் கேட்ட ஒரு தாயினால், டாக்டர் ஃபோலிங் பினைல்கீட்டோனூரியாவைக் கண்டுபிடித்தார். புரதத்திலுள்ள ஒரு பொருள் செலவாகாமல் இரத்தத்தில் தேங்கி மூளையைக் கெடுப்பது அது. 1960-களில் கத்ரி என்பவர் சிசுவின் குதிகாலில் எடுத்த இரத்தத்திலேயே அதைக் கண்டறிய வழி செய்தார். உடனே பத்தியம் வைத்தால் மூளை தப்புகின்றது.

ஆட்டிசத்துக்கு அப்படி ஒற்றைப் பொருள் அகப்படவில்லை. ஆராய்ச்சிக்காரர்கள் இரத்தத்தில் தேடிக்கொண்டுதான் இருக்கின்றார்கள். கூட்டமாக வைத்துப் பார்த்தால் சில வித்தியாசங்கள் தெரிகின்றன. உங்கள் ஒரு பிள்ளையைப் பற்றி அதைக்கொண்டு தீர்ப்புச் சொல்ல முடியாது. ஜீன் பரிசோதனையில் சிலருக்குக் காரணம் தெரியலாம். மற்றபடி, குழந்தை எப்படிப் பார்க்கின்றது, விரலால் காட்டுகின்றதா, பேசுகின்றதா என்று கவனித்துத்தான் டாக்டர் சொல்லுகின்றார். இரத்தச்சீட்டுக்காரனுக்குக் கொடுக்கும் பணம் பேச்சுப் பயிற்சிக்கு ஆகும்.