புதிய அசரீரி

இன்றையத் தினம் ஒரு மனிதனுக்கு ஒரு விஷயம் தெரியவேண்டுமானால், அவன் புத்தகசாலைக்குப் போவதில்லை; விஷயம் தெரிந்தவர்களைத் தேடியும் போவதில்லை. சட்டைப்பையிலுள்ள டெலிபோனை எடுத்துக் கேட்கின்றான். கேட்ட க்ஷணமே பதில் வருகின்றது. இதை நாம் குறைகூற வரவில்லை. படிப்பு வாசனையே கூடாதென்று ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த மக்களின் பிள்ளைகள், எவர் தயவுமின்றி உலக சங்கதிகளைத் தெரிந்துகொள்ளும்படியான காலம் வந்திருப்பது நமக்கு மிகுந்த சந்தோஷமேயாகும். ஆனால் அந்தப் பதிலை யார் சொன்னது, சொன்னவருக்கு அது எப்படித் தெரிந்தது என்று கேட்கும் வழக்கம் நாளுக்கு நாள் மறைந்து வருவதைப் பற்றியே சில வார்த்தைகள் எழுத ஆசைப்படுகின்றோம்.

1998-ல் அமெரிக்காவில் லாரி பேஜ், செர்கே பிரின் என்ற இரண்டு மாணாக்கர்கள் ஏற்படுத்திய கூகுள் என்னும் தேடுபொறியானது, இணையத்திலுள்ள ஒரு பக்கத்துக்கு எத்தனை பக்கங்கள் வழிகாட்டுகின்றன, வழிகாட்டும் பக்கங்களின் மதிப்பு எவ்வளவு என்று ஓட்டு எண்ணுவதுபோல் எண்ணி, அதன்படி வரிசைப்படுத்திக் காட்டியது. பலர் வழிகாட்டுவதனாலேயே ஒன்று உண்மையாகிவிடாது என்பது வேறு விஷயம். என்றாலும், அப்பொழுது அது பத்துப் பக்கங்களின் பெயரைக் காட்டிவிட்டு நின்றுகொண்டது. திறந்து பார்ப்பதும், ஒன்றோடொன்றை ஒத்துப் பார்ப்பதும், தள்ளுவதும் கொள்ளுவதும் தேடுகிறவனுடைய புத்திக்கே விடப்பட்டிருந்தது.

அந்த 1998-ம் வருஷத்திலேயே, விளம்பரப் பணத்தால் நடக்கும் தேடுபொறி விளம்பரக்காரர் பக்கமே சாயும் என்று அவ்விருவருமே கட்டுரை எழுதியிருக்கின்றார்கள். பிறகு அதே விளம்பரத்தால்தான் அவர்கள் கம்பெனி கொழுத்தது. மற்றவர்களுடைய கருவிகளில் தங்கள் தேடுபொறியே முதலில் நிற்க வேண்டுமென்பதற்காக 2021-ம் ஒரு வருஷத்தில் மாத்திரம் 2,600 கோடி டாலருக்கு மேல் அது கொடுத்த சங்கதி கோர்ட்டில் வெளியாகி, 2024 ஆகஸ்டில் நீதிபதி அமித் மேத்தா அவர்கள் அது சட்டவிரோதமான ஏகபோகம் என்று தீர்ப்புச் சொன்னார்.

நிற்க, 2024 மே மாதம் முதல் அமெரிக்காவிலும், ஆகஸ்டிலிருந்து நம் நாட்டிலும், பக்கங்களின் வரிசைக்கு மேலாகவே செயற்கை அறிவு யந்திரம் தானே தொகுத்த பதிலைச் சொல்ல ஆரம்பித்துவிட்டது. சொன்ன இலக்ஷணத்தைப் பாருங்கள்! பிட்சா ரொட்டியில் பாலாடைக்கட்டி ஒட்டவில்லை என்று கேட்டவருக்குப் பசையைக் கலக்கச் சொல்லிற்று. தினம் ஒரு கல்லாவது சாப்பிடலாம் என்றது. முதலாவது, யாரோ எப்போதோ வேடிக்கைக்கு எழுதி வைத்தது. இரண்டாவது, கேலிப் பத்திரிகை ஒன்றில் வந்தது. பரிகாசம் எது, நிஜம் எது என்று அதற்குத் தெரியாது. எந்த வார்த்தைக்குப் பின் எந்த வார்த்தை வருவது வழக்கம் என்பதே அதன் ஞானம்.

2023-ல் நியூயார்க்கில் இரண்டு வக்கீல்கள், சாட்ஜிபிடி என்ற யந்திரம் சொன்ன பழைய தீர்ப்புகளைக் கோர்ட்டில் தாக்கல் செய்தார்கள். அப்படிப்பட்ட தீர்ப்புகளே உலகத்தில் கிடையாது. இவை உண்மைதானா என்று அவர்களில் ஒருவர் சந்தேகித்ததும் உண்டு. ஆனால் யாரைக் கேட்டார்? அந்த யந்திரத்தையே கேட்டார்! ஆம் என்றது, நம்பினார். பூசாரியிடமே போய்ச் சாமி உண்டா என்று விசாரித்த கதைதான். 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது.

இவர்களாவது கோர்ட்டில் அகப்பட்டார்கள். வீட்டில் உட்கார்ந்து மருந்தையும் பத்தியத்தையும் கேட்டுத் தெரிந்துகொள்கிறவர்களை யார் கண்டிப்பது? பதிலின் பக்கத்தில் ஆதாரம் போட்டிருக்கின்றதே என்பார்கள். 2025 மார்ச்சில் அமெரிக்கர் 900 பேருடைய தேடுதல்களைப் பியூ ஆராய்ச்சி நிலையத்தார் கணக்கெடுத்ததில், அந்த ஆதாரத்தைத் திறந்து பார்த்தது நூற்றுக்கு ஒரு தடவைதான். எனில், பாடுபட்டு விசாரித்து எழுதியவனிடத்தில் வாசகன் போவதே இல்லை. அவன் பிழைப்புக் கெட்டு எழுதுவதை நிறுத்திவிட்டால், நாளைக்கு இந்த யந்திரம் எதைத் தொகுக்கும்?

யந்திரம் பொய் சொல்லுமா என்று கேட்கும் தோழர்கள், அந்தப் பதிலின் அடியில் பொடி எழுத்தில் இருப்பதைத் தயவுசெய்து ஒரு தடவை வாசிக்க வேண்டுகிறோம். பதில்களில் தவறுகள் இருக்கலாம் என்று அந்தக் கம்பெனியாரே போட்டிருக்கின்றார்கள். இந்த யோக்கியதைகூட நம் ஊர்க் குறிகாரர்களிடம் கிடையாது.