பழவேற்காட்டு கட்ரீனா
பொன்னேரி தாண்டி பழவேற்காடு போறீங்க. டச்சுக் கல்லறை வாசல்ல எலும்புக்கூடு சிற்பத்தோட செல்ஃபி எடுக்கறீங்க. எடுங்க. "டச்சுக்காரங்க நம்ம பொண்ணுங்களோட அன்பா வாழ்ந்தாங்க"ன்னு மட்டும் பதிவு போடாதீங்க.

1613-ல் இங்கே கெல்டிரியா கோட்டை கட்டியவர்கள், இந்தக் கரையிலிருந்து ஆயிரக்கணக்கானோரை அடிமைகளாக பத்தாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) கப்பலேற்றினார்கள். அங்கே அடிமையாக இருந்த ஒரு பெண், அவர்கள் ஏட்டில் 'பழவேற்காட்டு கட்ரீனா'. தன்னை அடித்த காதலனைக் கல்லெறிந்து கொன்றதாக 1656-ல் மரண தண்டனை. பிறகு அதை மாற்றி, தென்னாப்பிரிக்க முனைக்கு ஆயுள் கைதியாக அனுப்பினார்கள். அங்கே தளபதி வீட்டுத் துணி துவைத்தார். கம்பெனிச் சிப்பாய் ஒருவனுக்குப் பிள்ளை பெற்றார்.

இதுக்குப் பேரு காதலா? நான் டாக்டர். ஒரு ஆபரேஷனுக்கே கையெழுத்து வாங்கணும். வேண்டாம்னு சொல்ல வழியில்லாதவங்ககிட்ட வாங்கினது சம்மதமே இல்ல.

கல்லறைக் கற்கள்ல டச்சுப் பேருங்க இன்னும் படிக்கற மாதிரி இருக்கு. கட்ரீனாவுக்கு அவங்க அம்மா வச்ச பேரு என்ன?