பீரோ மேல் தூங்கும் மடிக்கணினிகள்

ஜவ்வாதுமலையில், ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள பல வீடுகளுக்கு வந்த முதல் கணினி அரசின் விலையில்லா மடிக்கணினிதான். 2011 செப்டம்பர் 15 அன்று ஜெயலலிதா தொடங்கிவைத்த திட்டம் அது. தொடக்க காலக் கருவிகளில் 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்டு டிஸ்க். அக்காவுக்குக் கிடைத்தது தம்பிக்கு உதவ வேண்டும். ஆனால் ‘ஆன் ஆகவே பத்து நிமிஷம்’ என்று ஓரங்கட்டப்பட்டுவிட்டது.

பழுது பெரும்பாலும் ஹார்டு டிஸ்கில். நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் தட்டில், முனை இடம் தேடிப் போய்த்தான் ஒவ்வொரு கோப்பையும் படிக்கிறது. ஒரு தேடலுக்குப் பத்து மில்லி விநாடிக்கு மேல் ஆகும். அதற்குப் பதிலாகப் பொருத்தக்கூடிய, சில்லுகளில் தரவைச் சேமிக்கும் எஸ்.எஸ்.டி.யில் சுழல எதுவுமில்லை. அதே வேலை அதில் ஒரு மில்லி விநாடிக்குள் முடிகிறது. முழுக்க அணைக்காமல் பைக்குள் திணித்த மடிக்கணினி மலைப்பாதையில் குலுங்கினாலும் தட்டில் கீறல் விழும் பயமில்லை.

வாங்கும்போதுதான் கவனம் தேவை. என்.வி.எம்.இ. வகை அதிவேகமானதுதான், ஆனால் அந்தப் பழைய கருவிகளில் அதற்கு இடமே இருக்காது. 2.5 அங்குல, 7 மி.மீ. கனமுள்ள சாட்டா எஸ்.எஸ்.டி. போதும். படிப்புக்கு 240 அல்லது 256 ஜிபி தாராளம். மிச்சப் பணத்தில் ரேமைக் கூட்டுவதே புத்திசாலித்தனம். நம்ப முடியாத மலிவு விலையில் 1 டிபி என்று இணையத்தில் விற்பவை பல போலி. உத்தரவாதமும், எத்தனை டெராபைட் எழுதலாம் என்ற கணக்கும் அட்டையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஒரு குறையும் உண்டு. ஹார்டு டிஸ்க் சாகும்முன் பெரும்பாலும் கடகடக்கும்; எஸ்.எஸ்.டி. சத்தமில்லாமல் போய்விடும். சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் ஆகியவற்றின் நகல்களை, கழற்றிய பழைய டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால், யு.எஸ்.பி. உறை போட்டு அதிலும் வைத்திருப்பது அவசியம்.

அரசு இப்போது கல்லூரி மாணவர்களுக்குத் தரும் மடிக்கணினிகளில் 8 ஜிபி ரேமும் 256 ஜிபி எஸ்.எஸ்.டி.யும் இருக்கின்றன. நல்லது. ஆனால் முன்பு கொடுத்த லட்சக்கணக்கான கருவிகளை யார் கவனிப்பது? விண்டோஸ் 10-க்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டது. மலையிலுள்ள பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் கோடை விடுமுறை முகாம் போட்டு, ஐ.டி.ஐ. மாணவர்களைக் கொண்டு எஸ்.எஸ்.டி. மாற்றி, லினக்ஸ் நிறுவித் தரலாம். நாலைந்து திருகாணிகளைக் கழற்றும் வேலை. அடுத்த நிதிநிலை அறிக்கையில் இதற்கென ஒரு தொகை ஒதுக்கப்பட வேண்டும்.