விடாத அம்பு



வில்லிலிருந்து விட்ட அம்பும் வாயிலிருந்து விட்ட சொல்லும் திரும்பி வாரா என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். சொல்லைப் பற்றி எல்லாரும் பேசுகிறோம். இந்த முறை அம்பைப் பற்றியே பேசுவோம்.

காரணம் இருக்கிறது. ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன், தொலைக்காட்சியில் அமெரிக்க வில் வேட்டை ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் கேட்டான்: "சார், மான் முன்னாலேயே நிக்குது. அவரும் வில்லை இழுத்துப் பிடிச்சிட்டாரு. அப்புறம் விடாமலே இறக்கிட்டாரு. பயமா சார்?"

பயமில்லை. அந்த மனிதர் அங்கே ஒரு கணக்குப் போட்டிருக்கிறார். அந்தக் கணக்கு என்ன என்பது நாமும் தெரிந்துகொள்ள வேண்டிய செய்திதான்.

அமெரிக்காவில் வெள்ளைவால் மான்கள் ஏராளம். அவற்றை வில்லால் வேட்டையாடுவதற்கென்றே தனிப் பருவம் ஒதுக்கிய முதல் மாநிலம் விஸ்கான்சின், ஆண்டு 1934. இன்று அங்கே உரிமம் எடுத்து, குறித்த பருவத்தில், அனுமதித்த எண்ணிக்கைக்குள்தான் வேட்டையாட வேண்டும். பல மாநிலங்களில் வகுப்புக்குப் போய்ப் படித்துத் தேற வேண்டும். அந்த வகுப்பில் எப்படி எய்வது என்பதோடு, எப்போது எய்யக் கூடாது என்பதையும் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

துப்பாக்கிக் குண்டு வேறு, அம்பு வேறு. குண்டு பெரும் வேகத்தோடு மோதிச் சிதைக்கிறது. அம்போ வெட்டுகிறது. சவரக் கத்தி போன்ற அதன் முனை உள்ளே அறுத்து, இரத்தம் போய்த்தான் மான் சாகிறது. ஆகவே அம்பு படவேண்டிய இடம் ஒன்றே ஒன்று: முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், நெஞ்சுக்கூட்டில் நுரையீரலும் இருதயமும் இருக்கிற இடம். அதன் அகலம் ஏறக்குறைய 8 அங்குலம். நம் வீட்டுப் பிள்ளைகள் சாப்பிடும் சின்னத் தட்டு அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே பட்டால் மான் சில விநாடிகளில் சாய்ந்துவிடும். நான்கு அங்குலம் தள்ளிப் பட்டால் குடலில் பாயும். அப்போது அது புதருக்குள் ஓடிப் படுத்து, மணிக்கணக்கில் துடித்துச் சாகும்.

பால்மரம் சீவியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கத்தி அளவோடு இறங்கினால் பால். கொஞ்சம் ஆழமாகப் போனால் மரத்திலே காயம். அங்கேயாவது மரம் நின்ற இடத்திலே நிற்கிறது. மான் நிற்குமா?

எனவே மான் எப்படி நிற்கிறது என்பதுதான் முதல் கேள்வி. பக்கவாட்டில் நிற்க வேண்டும். அல்லது வேடனைப் பார்க்காமல் சற்றே அப்பால் திரும்பி நிற்க வேண்டும். நேருக்கு நேர் நின்றால் நெஞ்செலும்பும் தோள் எலும்பும் தடுக்கும். முதுகைக் காட்டி நின்றால் குடல்தான் அகப்படும். பரணுக்கு நேர் கீழே வந்து நின்றால், கிட்ட இருக்கிறதே என்று ஆசை வரும். ஆனால் மேலிருந்து பாயும் அம்பு ஒரு பக்க நுரையீரலை மட்டுமே துளைக்கலாம். ஒற்றை நுரையீரலோடு மான் வெகுதூரம் ஓடிவிடும். இந்த மூன்று நிலையிலும் நல்ல வேடன் காத்திருப்பான்.

அடுத்தது தூரம். அம்பு விநாடிக்கு 250 அடி போகிறது என்று கொள்வோம். 20 கெஜம், அதாவது 60 அடி கடக்கக் கால் விநாடி ஆகும். 40 கெஜத்திற்கு அரை விநாடி. ஆனால் ஒலி விநாடிக்குச் சுமார் 1,100 அடி போகிறது. நாண் அதிரும் ஓசை அம்புக்கு முன்னரே மானின் காதில் விழுந்துவிடும். உடனே பாய்ந்தோட அது முன்னுடம்பைத் தாழ்த்தும். அதற்குள் குறி தவறிவிடும். ஆகவே தூரத்து மானையும், காதை நிமிர்த்தி விறைத்து நிற்கும் மானையும் விட்டுவிட வேண்டும். இடையிலே ஒரு சிறு குச்சி குறுக்கிட்டாலும் அம்பு திசை மாறும்.

கடைசியில் வெளிச்சம். மாலை மங்கிய பிறகு எய்தால், எதை எய்தோம் என்பதே சந்தேகம். தசரதன் கதை நமக்குத் தெரியாததா? இருட்டில் ஓசையை மட்டும் கேட்டு, யானை தண்ணீர் குடிக்கிறது என்று அம்பை விட்டான். குடத்தில் நீர் மொண்டுகொண்டிருந்தது கண்ணிழந்த பெற்றோரின் ஒரே பிள்ளை.

எய்த பிறகும் கடமை தீரவில்லை. உடனே துரத்தினால் காயப்பட்ட மான் மேலும் ஓடும். சிந்திய இரத்தத்தைப் பார்க்க வேண்டும். நுரையோடு கூடிய சிவப்பு என்றால் நுரையீரல். அரை மணி பொறுத்துத் தேடலாம். கருஞ்சிவப்பு என்றால் கல்லீரல். பல மணி நேரம் பொறுக்க வேண்டும். பச்சை நிறமும் நாற்றமும் இருந்தால் குடல். 8 மணி முதல் 12 மணி நேரம்கூடக் காத்திருந்து, பிறகு கிடைக்கும் வரை தேட வேண்டும். தேடாமல் வீடு திரும்புகிறவனை அங்கே வேடனென்று மதிப்பதில்லை.

இவ்வளவு கவனம் இருந்தும் குறி தவறுவதுண்டு. அதனாலேயே இங்கிலாந்தில் மான்மீது அம்பெய்வதை 1963ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்துவிட்டது. அதுவும் நியாயமான முடிவே.

நம் பிள்ளைகள் வில்லெடுத்துக் காட்டுக்குப் போகட்டும் என்று இதை நான் எழுதவில்லை. தீபகற்ப மலேசியாவில் கடமான், கேளையாடு வேட்டையை அரசாங்கம் 2009ஆம் ஆண்டிலேயே நிறுத்தி வைத்தது. கடமான் குறைந்தால் புலிக்கு இரை குறையும். இந்நாட்டுக் காட்டில் மிஞ்சியிருக்கும் புலிகள் 150க்கும் குறைவு என்கிறது அரசாங்கக் கணக்கு.

நான் சொல்ல வந்தது கண்ணியைப் பற்றி. செம்பனைக் காட்டு ஓரத்திலும் மரவள்ளித் தோட்டத்து வேலியிலும் கம்பிக் கண்ணி கட்டும் வழக்கம் இன்னும் நம்மிடையே சிலரிடம் இருக்கிறது. பன்றி கிழங்கைத் தோண்டிவிடுகிறது, என்ன செய்வது என்று கேட்கிறார்கள். அவர்கள் கஷ்டம் எனக்குத் தெரியும். ஆனால் அந்த அமெரிக்க வேடன் தனக்குள் கேட்டுக்கொண்ட கேள்விகளில் ஒன்றையாவது கண்ணி கேட்குமா? நிற்பது பன்றியா, சினைமானா, லயத்து நாயா என்று பார்க்குமா? கால் அறுந்து ஓடியதைத் தேடிப் போகுமா? கட்டியவரோ வீட்டில் தூங்குகிறார். மூன்று காலோடு நொண்டி வரும் நாயை எத்தனை தோட்டங்களில் பார்த்திருக்கிறோம்! அந்த வழியே நாளைக்கு நம் பிள்ளையே நடந்து போகலாம்.

2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கண்ணி வைப்பது குற்றம். பன்றித் தொல்லை இருந்தால் நாலு வீட்டார் சேர்ந்து வேலியைப் பலப்படுத்துங்கள். தோட்ட நிர்வாகத்திடமும் வனவிலங்குத் துறையிடமும் முறையிடுங்கள். ஏற்கெனவே கட்டிய கண்ணி இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே போய் அவிழ்த்துவிடுங்கள். போகும்போது பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள். ஏன் அவிழ்க்கிறோம் என்று சொல்லிக் கொடுங்கள்.

அந்த மாணவனுக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "தம்பி, ஓர் உயிர்மேல் கை வைப்பவன் முதலில் நன்றாகப் பார்க்க வேண்டும், பிறகு என்ன நடந்தாலும் பொறுப்பேற்க வேண்டும். இரண்டில் ஒன்று முடியாவிட்டால் வில்லை இறக்கிவிட வேண்டும்."

அடுத்த இதழில் சந்திப்போம்.